நந்தி மலையடியில் ஒயினரி கட்டப் போகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

பெங்களூருக்கு அருகே நந்தி மலைச் சுற்றுவட்டாரத்தில் திராட்சை நிலம் வாங்கி ஒயினரி (ஒயின் தயாரிக்கும் கூடம்) கட்ட ஆயத்தமாகும் நண்பர்களுக்கும், அவர்களுக்கு வரைந்து கொடுக்கும் பெங்களூர்த் தமிழ் ஆர்க்கிடெக்டுகளுக்கும்,

வணக்கம். நான் அல்சூரில் இருக்கும் ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர். நீங்கள் வரையும் கட்டடத்தை விழாமல் நிறுத்தி வைப்பது என் பிழைப்பு. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

ஒயினரி வேலை என்றால் பிளானுக்கு முன்னால் ஒரு போட்டோ ஆல்பம் வந்துவிடுகிறது. இத்தாலிய ஓட்டுக்கூரை, வளைவு வாசல். அப்புறம், ஸ்பெயினில் எல்சியேகோ என்ற ஊரில் ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2006-இல் திறந்த, இளஞ்சிவப்பும் பொன்னுமாகச் சுருண்டு நிற்கும் உலோகத் தகடுகள். அது திராட்சை பிழிகிற இடமே இல்லை, ஹோட்டல். அதைக் காட்டி "இந்த மாதிரி ஒயினரி வேண்டும்" என்று கேட்டால் நான் என்ன கணக்குப் போடுவது?

எலிவேஷனை, அதாவது முகப்புப் படத்தை, கொஞ்சம் தள்ளிவைத்துவிட்டு, செக்‌ஷனை, அதாவது கட்டடத்தை நெடுக வெட்டிப் பார்க்கிற படத்தை, முதலில் போடுங்கள். பழம் கொடியை விட்டு வந்து, பிழிபட்டு, தொட்டியில் நொதித்து, பீப்பாய்க்கு எந்த வழியாக இறங்கப் போகிறது என்று வரைந்து பாருங்கள். கட்டடம் தோட்டத்தோடு சேர்வதும் சேராமல் போவதும் அந்தப் படத்திலேயே தெரிந்துவிடும். கண்ணாடிச் சுவர் வழியே கொடி தெரிந்தால் போதும் என்றால் அதற்கு ஒரு ரெஸ்டாரன்ட் போதும்.

நந்தி மலைப் பக்கம் சரிவுக்குப் பஞ்சமில்லை. மேட்டில் பழத்தைக் கொட்டி, ஒரு தளம் கீழே நொதிக்கும் தொட்டிகளை வைத்து, அதற்கும் கீழே பீப்பாய்களை அடுக்கினால் பாதி பம்பு வேலை குறையும். பம்பில் முரட்டுத்தனமாகத் தள்ளினால் தோலும் விதையும் நசுங்கிக் கசப்பு ஏறும். தானாக இறங்கினால் அந்தத் தொல்லை குறைவு. ஆனால் சைட்டுக்கு ஜே.சி.பி. வந்தவுடன் முதலில் நடப்பது என்ன? சரிவைச் சமன் செய்து மைதானம் ஆக்குவது. பிறகு அந்த மைதானத்தில் மூன்று மாடி எழுப்பி, பழத்தை லிஃப்டில் ஏற்றுகிறோம்.

அடுத்தது நிலவறை. இதில்தான் எனக்கு அதிக வருத்தம். இத்தாலியின் டஸ்கனியில் பார்ஜினோ அருகே ஆர்கியா என்ற நிறுவனம் வடிவமைத்து 2012-இல் முடிந்த அந்தினோரி ஒயினரி மலைக்குள்ளேயே புதைந்திருக்கிறது. கூரைமேல் கொடிகள் வளர்கின்றன, வெளியிலிருந்து பார்த்தால் மலையில் இரண்டு கீறல்கள் மட்டும் தெரியும். எனக்கும் பிடித்த கட்டடம்தான். ஆனால் சில மீட்டர் ஆழத்தில் மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நிற்கும். அங்கே அது ஏறத்தாழ 15 டிகிரி, பீப்பாய் கேட்பதும் கிட்டத்தட்ட அதுதான். பெங்களூரின் சராசரி 24-ஐ ஒட்டியது. எவ்வளவு தோண்டினாலும் இங்கே குளிர்சாதனம் இல்லாமல் முடியாது. ஏப்ரல் வெயில் நேராகத் தாக்காது, மின்செலவு குறையும், அவ்வளவுதான் லாபம். கூரைமேல் கொடி நட ஒரு மீட்டர் மண் போட்டால், நனைந்த நிலையில் சதுர மீட்டருக்கு இரண்டு டன்னை நெருங்கும். சாதாரண மொட்டைமாடியில் ஆள் நடமாட்டத்துக்கு நாங்கள் கணக்கில் எடுப்பது சுமார் 150 கிலோ. அத்தனை கான்கிரீட்டும் கம்பியும் எதற்கு? கீழே பல இடங்களில் பாறை வேறு சீக்கிரமே வந்துவிடும். வெடி வைத்து உடைத்துத்தான் 'இயற்கையோடு இணைந்த' நிலவறை கட்ட வேண்டியிருக்கும்.

சரி, யாரைப் பார்க்கலாம்? கலிஃபோர்னியாவின் நாபா பள்ளத்தாக்கில், யோன்ட்வில் அருகே ஹெர்சாக், டி மூரோன் என்ற ஆர்க்கிடெக்டுகள் இருவரும் 1990-களின் கடைசியில் கட்டிய டொமினஸ் ஒயினரி. நூறு மீட்டர் நீளம், ஒன்பது மீட்டர் உயரம், அலங்காரம் என்று எதுவும் கிடையாது. கம்பிக் கூண்டுகளில் அக்கம்பக்கத்துக் கருங்கற்களை நிரப்பி அடுக்கிய சுவர். கல் இடுக்கு வழியே வெளிச்சமும் காற்றும் கசியும், பகல் சூடு உள்ளே ஏறாது. தோட்டத்துப் பாதை கட்டடத்தை ஊடுருவிக்கொண்டு போகிறது. அதையும் அப்படியே காப்பி அடிக்க வேண்டாம். கல் எங்கிருந்து வந்தது, டிராக்டர் எந்த வழியில் வருகிறது என்ற கேள்விகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

நம் பக்கம் விடை கண்ணெதிரே நிற்கிறது. பெங்களூர் புளூ திராட்சைத் தோட்டங்களைப் பாருங்கள்: கருங்கல் கால் நட்டு, கம்பி இழுத்து, ஆள் உயரத்துக்கு மேலே பந்தல். நம் கம்பம் பள்ளத்தாக்கிலும் இதே கல்தூண் பந்தல்தான். வருகிறவர்கள் உட்கார வராந்தா வேண்டுமென்றால் அந்தப் பந்தலையே நீட்டுங்கள். கல்லுடைத்துத் தூண் செதுக்கும் கைகள் தேவனஹள்ளிப் பக்கம் இன்னும் இருக்கின்றன. அடித்தளத்துக்குத் தோண்டிய செம்மண்ணை லாரியில் அனுப்பாமல் அங்கேயே அழுத்திக் கல்லாக்கலாம். இந்திய அறிவியல் கழகத்தின் 'அஸ்த்ரா' குழு 1970-களிலிருந்து அந்த மண்கல்லில் வேலை செய்திருக்கிறது, நம் ஊரிலேயே.

இன்னொரு சிக்கல், திசை. கொடி வரிசைகளைப் பெரும்பாலும் வடக்கு தெற்காகப் போடுவார்கள், இரண்டு பக்கமும் வெயில் படட்டும் என்று. கட்டடத்தையும் அதே போக்கில் நீட்டினால் நீளச்சுவர் முழுக்க மேற்கு வெயில் வாங்கும். அதனால் வரிசைகளுக்குக் குறுக்கே, கிழக்கு மேற்காகப் படுக்க வையுங்கள். மண் மோசமாகவோ பாறையாகவோ இருக்கும் துண்டில் கட்டுங்கள்; நல்ல நிலம் கொடிக்கு. "அங்கிருந்து வியூ வராதே" என்பார் கிளையன்ட். வராமல் போகட்டும்.

தண்ணீரைப் பற்றி ஆல்பத்தில் படமே இருப்பதில்லை. ஒரு லிட்டர் ஒயினுக்குக் கழுவ மட்டுமே பல லிட்டர் போகும். சிக்கபள்ளாப்பூர், கோலார் பக்கம் போர்வெல் ஆயிரம் அடியைத் தாண்டிவிட்டது. பெங்களூரின் கழிவுநீரைச் சுத்திகரித்து அந்தப் பக்கத்து ஏரிகளுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். இரண்டாயிரம் சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 800 மில்லிமீட்டர் மழை என்றால் 16 லட்சம் லிட்டர். வீணாவது போகப் பன்னிரண்டு லட்சமாவது தேறும். ஆக, கூரையின் சாய்வை முடிவு செய்ய வேண்டியது மழைத்தொட்டி இருக்கும் இடம். கழுவிய நீர் புளிப்பும் அழுக்கும் ஏறியது. அதை ராஜகாலுவேயில் (மழைநீர் ஓடும் பெரிய கால்வாயில்) விட்டால் கீழே உள்ள ஏரிக்குத்தான் போகும். சுத்திகரிப்புக் குட்டைக்குச் சரிவின் அடியில் இப்போதே இடம் ஒதுக்கி வையுங்கள். எல்லாம் முடிந்தபின் பார்க்கிங்குக்குப் பக்கத்தில் செருகாதீர்கள்.

பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை நடக்கும். பிளான் தொடங்குமுன் ஏதாவது ஒரு தோட்டத்தில் விடியுமுன் போய் நின்று, கூடை எந்த வழியாக எங்கே போகிறது என்று பாருங்கள். அதைக் குறித்துக்கொண்டு, நிலத்தின் மேடுபள்ளம் காட்டும் மட்டக்கோடுகள் போட்ட சர்வே வரைபடத்தோடு என்னைப் போன்றவர்களைக் கூப்பிடுங்கள். முகப்பு இல்லாமல் வந்தாலும் பரவாயில்லை, உட்கார்ந்து பேசலாம்.

அன்புடன்,
அல்சூரிலிருந்து ஒரு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர்