நயாகராவோடு பிட்ஸ்பர்க்கையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கோடை விடுமுறைக்கு அமெரிக்காவிலுள்ள பிள்ளைகளிடம் செல்லும் பெற்றோரின் பயணத் திட்டம் நியூயார்க், வாஷிங்டன், நயாகரா என்ற மூன்றோடு முடிந்துவிடுவதைக் காண்கிறேன். பென்சில்வேனியா மாநிலத்தின் பிட்ஸ்பர்க் நகருக்கு, அதன் புறநகரான பென் ஹில்ஸில் 1977இல் குடமுழுக்குக் கண்ட வெங்கடேசுவரர் கோயிலுக்காகச் செல்வோரும், தரிசனம் முடித்துப் புளியோதரை உண்டதும் காரைத் திருப்பிவிடுகின்றனர்.

அலெகெனியும் மொனொங்கஹேலாவும் கூடி ஒஹையோ ஆறாகும் முனையை, 1877 முதல் மலைச்சரிவில் ஏறியிறங்கும் டுகேன் இழுவை ரயிலின் உச்சியிலிருந்து மாலை வேளையில் பார்ப்பதற்கே ஒரு நாள் கூடுதலாகத் தங்கலாம். எஃகு ஆலைகளின் புகையில் மூழ்கியிருந்த ஊர் இதுதானா என்று வியப்பாக இருக்கும். பேரக்குழந்தைகள் உடனிருந்தால் கார்னகி அருங்காட்சியகத்தின் டைனோசர் எலும்புக்கூடுகளைத் தவறவிட வேண்டாம். அருவியின் மேலேயே ஃபிராங்க் லாயிட் ரைட் வடிவமைத்த ‘ஃபாலிங்வாட்டர்’ வீடு, காரில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத் தொலைவில் உள்ளது. அதற்கு முன்பதிவு அவசியம்.

நம் கோடை விடுமுறையை நம்பி ஏப்ரலிலேயே புறப்பட்டுவிடாதீர்கள். அங்கு அப்போதும் குளிர் விட்டிருக்காது. ஜூன் மாதமே முதியோருக்கு ஏற்றது. ஊர் முழுவதும் மேடும் படிக்கட்டுமாக இருப்பதால், முழங்கால் வலி உள்ளவர்கள் தங்குமிடத்தைச் சமதளப் பகுதியில் தேர்ந்தெடுப்பது நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர், மதுரை