மர்மகோவாவில் கைமாறியவர்கள் போர்க்கைதிகள் அல்லர்

ஆசிரியர் அவர்களுக்கு,

1943 அக்டோபரில் கோவாவின் மர்மகோவா துறைமுகத்தில் அமெரிக்காவும் ஜப்பானும் ஆள்மாற்றிக்கொண்டதைப் பற்றி ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரை, கப்பலில் வந்தவர்களைக் கடைசி வரை 'போர்க்கைதிகள்' என்றே எழுதியிருக்கிறது. வந்தவர்கள் போர் மூண்டபோது எதிரி நாட்டின் பிடியில் மாட்டிக்கொண்ட பாதிரிமார், வணிகர், ஆசிரியர், அவர்கள் வீட்டுப் பெண்டு பிள்ளைகள். ஒரு சொல்தானே என்று விட்டுவிட முடியாது. பேச்சுவார்த்தையே அந்தச் சொல்லில்தான் சிக்கிக் கிடந்தது.

1929 ஜெனீவா உடன்படிக்கை சிப்பாய்களுக்கானது. ஜப்பான் அதில் கையெழுத்துப் போட்டதோடு சரி, உறுதி செய்யவில்லை. குடிமக்களுக்கென்று தனி உடன்படிக்கை 1949-இல்தான் வந்தது. நீ என் ஆட்களை நடத்துகிறபடி நான் உன் ஆட்களை நடத்துவேன் என்பதைத் தவிர இரு தரப்புக்கும் வேறு பிடிமானம் இல்லை. அமெரிக்காவுக்காக சுவிட்சர்லாந்தும் ஜப்பானுக்காக ஸ்பெயினும் தூது பேசின. வாஷிங்டன் கேட்கும் கேள்வி சுவிஸ் தலைநகர் பெர்ன் போய், டோக்கியோவிலுள்ள சுவிஸ் தூதரகம் வழியாக ஜப்பானிய வெளியுறவு அமைச்சகத்துக்குப் போகும். பதிலும் அப்படியே சுற்றி வரவேண்டும்.

முதல் மாற்றம் 1942 ஜூலையில், லோரன்சோ மார்க்கஸ் துறைமுகத்தில் (இன்றைய மபூட்டோ) நடந்தது. இரண்டாவதற்கு 15 மாதம் பிடித்தது. 1,500 பேருக்கு 1,500 பேர் என்ற கணக்கு எளிது. யார் யார் என்பதில்தான் இழுபறி. ஜப்பான் பெயர் சொல்லிக் கேட்டவர்களில் பலர் போக மறுத்தார்கள். சிலரை அனுப்ப அமெரிக்கப் பாதுகாப்புத் துறைகள் சம்மதிக்கவில்லை. பெரு முதலான நாடுகளிலிருந்து அமெரிக்கா பிடித்து வந்த ஜப்பானியரில் 800 பேருக்கு மேல் இந்த மாற்றங்களில் கப்பலேற்றப்பட்டார்கள். கட்டுரை இதைத் தொடவே இல்லை. பிரிட்டன் ஜப்பானோடு தனியாகச் செய்யவிருந்த இரண்டாவது மாற்றமோ, ஆஸ்திரேலியா பிடித்து வைத்திருந்த ஜப்பானிய முத்துக்குளிப்பாளர்களை விடத் தயங்கியதால் நின்றது. ஆஸ்திரேலியக் கரையோரக் கடலின் ஆழமும் பாறையும் அவர்களுக்கு அத்துப்படி. 1943 நவம்பரில் ஜப்பானிய வம்சாவளியினரை அடைத்திருந்த கலிபோர்னியாவின் டூலி லேக் முகாமுக்குள் அமெரிக்க ராணுவம் புகுந்தது. அங்கிருந்தவர்களை நடத்திய விதத்தைக் காட்டி டோக்கியோ பின்வாங்க, மூன்றாவது கப்பல் புறப்படவே இல்லை.

இன்னொரு பிழை: ஸ்வீடன் கப்பலான கிரிப்ஸ்ஹோம் 'போர்க்கப்பல் துணையோடு' வந்ததாம். துணை வந்தால், தாக்கமாட்டோம் என்று இரு தரப்பும் தந்த பாதுகாப்பு உறுதியே போய்விடும். வழித்தடத்தை முன்கூட்டியே எல்லாத் தரப்புக்கும் சொல்லி, பக்கவாட்டில் பெரிய எழுத்தில் அடையாளம் தீட்டி, இரவில் எல்லா விளக்குகளையும் எரியவிட்டுத் தனியாக வரவேண்டும். அதுவும் முழுக் காப்பு அல்ல. முகாம்களுக்கு நிவாரணப் பொருள் கொண்டுபோக இதே மாதிரி உறுதி பெற்றிருந்த ஆவா மாரு கப்பலை 1945 ஏப்ரல் 1 அன்று மூடுபனியில் அமெரிக்க நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்தது. வானொலித் தகவல் அனுப்பப்பட்டிருந்தும் நீர்மூழ்கித் தலைவர் கண்ணில் அது படவில்லை. 2,000 பேருக்கு மேல் இறந்தார்கள், பிழைத்தவர் ஒருவர்.

பர்மாவிலும் மலாயாவிலும் மாட்டிக்கொண்ட நம்மவர்கள் இந்தக் கப்பல்களில் ஏன் இல்லை என்று இங்கே பலர் கேட்பதுண்டு. ஜப்பான் இந்தியர்களைப் பொதுவாக எதிரி நாட்டார் என்று முகாமில் அடைக்கவில்லை. அடைக்காதவனுக்குப் பட்டியலில் பெயர் இல்லை. பெயர் இல்லாதவனுக்காகத் தூது பேச ஆளில்லை. தான் பிடித்த தென்பகுதிகளில் சுவிஸ் தூதருக்கே ஜப்பான் இடம் கொடுக்கவில்லை. ஜப்பானியர் சயாம்–பர்மா ரயில் பாதை போடக் கொண்டுபோன தோட்டத் தமிழர்களுக்கும் முறையான பெயர்ப்பதிவு இல்லை.

பட்டியலில் பெயர் இல்லாதவர்களுக்கு வீட்டுத் தாள்களே சாட்சி. எனவே 1941 டிசம்பருக்குப் பிந்தைய கிட்டங்கி (அங்கே நம்மவர்கள் தொழில் நடத்திய இடம்) பேரேடு, கடிதம் எதுவும் பெட்டகத்தில் இருந்தால் எடைக்குப் போட்டுவிட வேண்டாம். கடிதத்தை உறையிலிருந்து பிரிக்காதீர்கள். தபால் முத்திரையும் தணிக்கைச் சீட்டும் உறையில்தான் இருக்கும். லேமினேஷன் கூடவே கூடாது.

— வாசகர், கானாடுகாத்தான்