“எந்தப் பள்ளி?”

ஆசிரியருக்கு,

என் மகளுக்கு 13 வயது. இரண்டு ஆண்டுகளாகப் பள்ளிக்குப் போகவில்லை. வேண்டியதைத் தானே தேடிப் படிக்கிறாள். சென்ற மாதம் கிணற்று மோட்டார் புகைந்துபோனது. மோட்டாருக்குக் கம்பிச்சுருள் (காயில்) கட்டும் பட்டறையில் போய் உட்கார்ந்துகொண்டாள். கருகிய செம்புக் கம்பியைப் பிரிக்கப் பிரிக்க, சுற்றுகளை எண்ணி நோட்டில் குறித்தாள். அன்றிரவே மின்காந்தப் பாடத்தைத் தேடி எடுத்தாள். யாரும் சொல்லவில்லை.

பள்ளியைப் பாதியில் விட்ட ஜி.டி. நாயுடு 1937-இல் மின் மோட்டார் செய்துகாட்டிய கொங்கு மண் இது. இங்கேயே, “எந்தப் பள்ளி?” என்று கேட்டு முகம் சுளிக்கிறார்கள். மனம் வலிக்கிறது.

14 வயது நிறைந்தால், வீட்டிலிருந்தே படித்துத் தேர்வெழுத வழிசெய்யும் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்குப் பதிவு செய்யலாம். விசாரித்த இடங்களில் ஒருவருக்கும் இது தெரியவில்லை. மாவட்டக் கல்வி அலுவலகங்கள் இதைப் பெற்றோருக்கு எடுத்துச்சொல்ல வேண்டும்.

ஒரு தாய்,
கோபிசெட்டிபாளையம்.