துருப்பிடித்த அட்டை

பெரம்பூர்,
கார்த்திகை முதல் வாரம்

அன்புள்ள மூர்த்தி,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிறது. முழங்கால் வலி, மழை என்று ஏதாவது சாக்கு சொல்லலாம். நிஜம் என்னவென்றால் கையெல்லாம் ஃபெவிக்கால். பேனாவைப் பிடித்தால் விட மாட்டேன் என்கிறது.

கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது என்று எழுதியிருந்தாய். இங்கே வீட்டுக்காரியிடம் படித்துக் காட்டினேன். சொட்டு மருந்தை விடாமல் போடச் சொன்னாள். உன்னைப் பற்றி அவளுக்கும் தெரியும்.

சரி, ஃபெவிக்கால் கதைக்கு வருகிறேன். முப்பத்து நாலு வருஷம் ரயில்வே கேரியேஜ் ஒர்க்ஸில் உன் பக்கத்தில் நின்று ரயில் பெட்டியிலிருந்து துருவைச் சுரண்டிச் சம்பளம் வாங்கியவன், இப்போது வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அட்டைக்குத் துரு ஏற்றிக்கொண்டிருக்கிறேன். சிரித்துவிட்டு மேலே படி.

ஆரம்பித்து வைத்தது பேத்தி. அவள் அறைச் சுவரில் மாட்ட ஒரு பேனல் வேண்டுமாம், பழைய ஃபேக்டரிச் சுவரைப் பெயர்த்துக் கொண்டுவந்த மாதிரி. அட்டை, காகிதம், கம்பி, கடிகாரப் பல்சக்கரம் எல்லாவற்றையும் ஒட்டி மேலே பெயிண்ட் அடிக்க வேண்டும். ‘மிக்ஸட் மீடியா’ என்றாள். துரு மாதிரியே இருக்கும் பசை ஒன்றை ஆன்லைனில் வாங்கியிருந்தாள். மைக்கூடு அளவுதான் இருக்கும் பாட்டில். விலையை நான் கேட்டிருக்கக் கூடாது. அதைத் தோசைக்கு மிளகாய்ப்பொடி தடவுவது போல மூலை முடுக்கு விடாமல் ஒரே சீராகத் தடவிக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

“துரு இப்படி வராது கண்ணு.”

“அப்ப எப்படித்தான் தாத்தா வரும்?”

அன்றைக்கு மாட்டினவன்தான்.

உனக்கு நான் சொல்ல வேண்டுமா? பி.ஓ.எச். என்று காலாகாலத்தில் பிரித்துப் பழுதுபார்க்கும் வேலைக்கு வரும் பெட்டியில் முதலில் எங்கே தட்டிப் பார்ப்போம்? கக்கூஸ் தரை, கதவுப் படி ஓரம், ஜன்னலுக்குக் கீழ்ப்பட்டை. தண்ணீர் எங்கே தங்குகிறதோ அங்கேதான் தகடு போயிருக்கும். ஜன்னல் மூலையிலிருந்து ஒரு கோடு இறங்கும், பார், வெற்றிலை எச்சில் வழிந்த மாதிரி, மேலே கெட்டியாக, கீழே வரவர வெளிறி. அவளுக்கு அதைத்தான் சொல்லிக்கொடுத்தேன். முதலில் மழை எந்தப் பக்கம் அடிக்கும் என்று முடிவு பண்ணு, அப்புறம் தூரிகையை எடு என்று. அயனாவரத்தில் மெட்ரோ வேலைக்காக அடித்திருக்கும் தகரத் தடுப்புகளைக் காட்டினேன். நட்டு இருக்கிற இடத்தில் மட்டும் செம்பழுப்பாகக் கண்ணீர் வடித்திருந்தது. காசிமேட்டுக்கும் ஒரு நாள் போனோம். கடற்காற்றின் உப்பில் சங்கிலியும் நங்கூரமும் ஏடு ஏடாக உரிந்து கிடக்கின்றன. மீன் வாங்காமல் சங்கிலியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்த எங்களைப் பார்த்து அங்கே ஒரு அம்மா, “இன்னா சாரு, இரும்பு யாவாரமா?” என்றார்.

முதல் பேனல் பாழ். ஆண்டர்சன் தெருவில் நல்ல கனமான போர்டுதான் வாங்கினேன், இரண்டடிக்கு ஒன்றரை அடி. ஒரு பக்கம் மட்டும் பசை தடவிக் காகிதம் ஒட்டியதில் காயக்காய அப்பளம் மாதிரி வளைந்துகொண்டது. பின்பக்கமும் அதே காகிதத்தை ஒட்டியிருந்தால் இரண்டு பக்கமும் ஒன்றையொன்று இழுத்துப் பலகை நேராக நின்றிருக்கும். தகடு வெல்டிங்கில் ஒரு பக்கச் சூட்டுக்கு வளைவதைப் பார்த்தவனுக்கு அட்டையிலும் அதேதான் என்று தோன்றவில்லை பாரேன்.

இரண்டாவது பேனலுக்கு நேர்ந்தது இன்னும் கேவலம். ரிவெட் தலைக்கு என்ன செய்யலாம் என்று யோசித்து, ஜவ்வரிசியை வரிசையாக ஒட்டினேன். அடடா, அச்சு அசல் ரிவெட்! மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் ஒரு வரிசையையே காணோம். கரப்பான். மிச்சத்துக்கு எறும்பு ஊர்கோலம். பைண்டிங் கடைக்காரரிடம் சொன்னதற்கு, “மைதா பசையிலயே நாங்க மயில்துத்தம் போடாம கிண்ட மாட்டோம், நீங்க பாயசச் சாமானையே ஒட்டி வச்சிருக்கீங்களே சார்” என்றார். இப்போது ஓட்டை அடைக்கும் எம்-சீல் பசையை உருட்டி வைக்கிறேன். அதைத் தின்ன இன்னும் எதுவும் பிறக்கவில்லை.

தகர ஷீட்டுக்கு வழி சுலபம். அட்டைப்பெட்டியின் மேல்தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்தால் உள்ளே நெளிநெளியாக வரும். கறுப்படித்துவிட்டு, அலுமினியப் பெயிண்டைத் தூரிகையில் பட்டும் படாமலும் தொட்டு மேடுகளில் மட்டும் இழுத்தால், மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறவன் தகரம் என்றுதான் சொல்வான்.

பெயிண்ட் விஷயத்தில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. பெட்டியில் இருந்த வரிசைப்படிதான் அடித்தேன்: அடியில் ரெட் ஆக்சைடு, அதன்மேல் பழைய மெரூன், அதற்கும் மேல் நீலம். ஒவ்வொன்றுக்கும் நடுவில், பெயர வேண்டிய இடத்தில் மட்டும் மெழுகுவர்த்தியால் தேய்த்துவிட வேண்டும். எல்லாம் காய்ந்தபின் உப்புத்தாளைப் போட்டால் மெழுகு பட்ட இடம் மட்டும் பொருக்காக உதிர்கிறது. நீலத்துக்குள்ளிருந்து மெரூன் எட்டிப் பார்த்தபோது எனக்கு என்னவோ பண்ணியது. உதிரும்படி பெயிண்ட் அடித்ததற்கு நம் சூப்பர்வைசர் பார்த்திருந்தால் மெமோ கொடுத்திருப்பார்.

துருவுக்கு நிறம் எங்கே பிடித்தேன் என்று கேள். கோலத்துக்குக் கரை கட்ட வீட்டுக்காரி வைத்திருந்த காவிக்கல். அதை இழைத்து ஃபெவிக்காலும் தண்ணீரும் கலந்து வைத்தால், பாட்டில் பசையெல்லாம் பிச்சை வாங்க வேண்டும். காவியின் சிவப்பும் இரும்பு ஆக்சைடுதான் என்று பேத்தி ஃபோனில் தேடிச் சொன்னாள். நம் ரெட் ஆக்சைடு பிரைமரின் சிவப்பும் அதுவே. துரு வராமல் இருக்க இத்தனை வருஷம் துருவின் நிறத்தையேதான் அடித்திருக்கிறோம்டா! (கூடக் கலந்திருந்த ஜிங்க் குரோமேட்தான் வேலை செய்தது, தெரியும். இருந்தாலும்.)

2018 ஜனவரியில் பக்கத்து ஐ.சி.எஃப். பெட்டித் தொழிற்சாலையிலிருந்து, நாம் துரு சுரண்டிய அந்தப் பழைய மாடலின் கடைசிப் பெட்டி வெளியே போனது. இப்போது எல்.எச்.பி. என்ற புது மாடல், எவர்சில்வர் உடம்பு. பேத்திக்கு நீலப் பெட்டியின் நிறமே சரியாக நினைவில்லை என்கிறாள். கூடவே வேலை செய்கிறாள், ஆனால் அவளுக்கு இது ‘லுக்’. எனக்கு ஷிஃப்ட்டு.

மூன்றாவது பேனல் முக்கால்வாசி முடிந்துவிட்டது. இந்த ஈரத்தில் ஒரு கோட்டிங் காய இரண்டு நாளாகிறது, ஃபேனைத் திருப்பி வைத்துவிட்டு நாங்கள் வியர்வையில் தூங்குகிறோம். பெட்டி நம்பர் எழுத மட்டும் இடம் விட்டிருக்கிறேன். ஸ்டென்சிலும் வெட்டியாகிவிட்டது. நீ சாரத்திலிருந்து விழுந்து கையை உடைத்துக்கொண்டாயே, அந்தப் பெட்டியின் நம்பரைத்தான் போட ஆசை. முதல் இரண்டு இலக்கம் கட்டிய வருஷம், 87, அது நிச்சயம். பின்னால் வரும் மூன்றும் எனக்கு வரவே மாட்டேன் என்கிறது. விழுந்தவன் நீ, உனக்கு மறந்திருக்காது. ஒரு கார்டில் எழுதிப் போடு.

உன்,
கண்ணன்