ஏஐ வெச்சு தமிழ் பாடம் போடுறவங்களுக்கு ராயபுரத்துலேர்ந்து ஒரு மடல்

வணக்கங்க. உரையாடல ஏஐல உருவாக்கி, வெளிமாநிலத்துலேர்ந்து வந்தவங்களுக்கு ஸ்போக்கன் தமிழ் பாடமா குடுக்குற எல்லாருக்கும் இத எழுதுறேன். ராயபுரத்துல வேலை முடிச்சு வர்ற ஒடிசா, பீகார் பசங்களுக்கு சாயந்தரத்துல நான் பேச சொல்லித்தர்றேன். நானும் சாட்ஜிபிடில தான் எடுத்தேன், ஒரு நிமிஷத்துல பத்து உரையாடல் வந்துருது, அந்த வசதிய குறை சொல்லல.

ஆனா ஒரு ஒடியா பையன் வந்து கேக்குறான், ஓனர் "சரி, வரேன்"னு சொல்லிட்டு போனாரு, கடை வாசல்லயே ஒரு மணி நேரம் நின்னேன், ஏன்ணா வரவேயில்லன்னு. கெளம்பும்போது நாம "போறேன்"னு சொல்ல மாட்டோமே. நான் குடுத்த பாடத்துல "விடைபெறுகிறேன்"னு இருந்துச்சு. அதே பையன் அட்வான்ஸ் கேட்டப்ப "பாக்கலாம்"னாங்களாம், கெடைச்சிரும்னு நம்பி, பணம் அனுப்புறேன்னு ஊருல அம்மாகிட்ட சொல்லிட்டான். பாக்கலாம்னா பாதி நேரம் இல்லன்னு தான் அர்த்தம்னு அவனுக்கு எந்த பாடமும் சொல்லல, நானும் சொல்லல. எனக்கு மனசே ஆறல.

மெஷின் படிச்ச தமிழ்ல பெரும்பகுதி எழுத்துத்தமிழ், செய்தி, விக்கிப்பீடியா அந்த மாதிரி, நாம வாயால பேசுறது எழுத்துல கம்மியா தானே இருக்கு. அதான் காசிமேட்டுல மீன் வாங்குற மாதிரி கேட்டா விலைய கேட்டதும் "மிக்க நன்றி"ன்னு முடிச்சிருது. பேரம் எங்க? "கூறு எவ்ளோக்கா", "முன்னூறு", "எரநூறு வெச்சுக்கக்கா", "கட்டுப்படியாவாதுபா". முழு வாக்கியம் அங்க யாரும் பேசுறதில்ல.

சென்னைத் தமிழ்ல குடுன்னா இன்னும் மோசம், வரிக்கு வரி "இன்னா நைனா"ன்னு சினிமா ரவுடி பேசுற மாதிரி வருது. எங்க தெருவுல "இன்னாணா, சாப்டீங்களா"ன்னு பெரியவங்கள மரியாதையா தான் கேப்பாங்க. உங்க பாடத்த நம்பி வீட்டுக்கார அம்மாகிட்ட அந்த ரவுடி மாதிரி பேசினா திட்டு வாங்குறது அந்த பையன்.

தயவுசெஞ்சு, உரையாடல் ரெடியானதும் அந்த வேலைய தெனம் செய்றவங்க கிட்ட குடுத்து வாய்விட்டு படிக்க சொல்லுங்க, அவங்க எங்க தடுமாறுறாங்களோ அங்க மாத்துங்க. அவங்க நேரத்துக்கு காசும் குடுங்க. போன வாரம் மீன் பாடத்த ஒரு மீன்கார அக்காகிட்ட படிச்சு காட்டினேன். "நன்றிய எடுத்துடு கண்ணு, வெட்டுக்கூலி தனின்னு போடு, அது தெரியாம தான் பசங்க கடைசில சண்ட போடுதுங்க"ன்னாங்க.