ட்ரிகரை எடைபோடுவது பற்றி நண்பனுக்கு

கல்லடி,
மட்டக்களப்பு.

அன்பின் நண்பனுக்கு,

உனது மடலும் அதனுடன் நீ அனுப்பியிருந்த அளவீட்டுத் தாளும் கிடைத்தன. உன் வீட்டார் எல்லோரும் சுகமென்று அறிந்து மகிழ்ந்தேன். இங்கு நாங்களும் நலமே. மாரி பிந்தித் தொடங்கினாலும் வாவி நிறைந்துவிட்டது, படுவான்கரையில் விதைப்பும் முடிந்துவிட்டது. ஊர்ச் செய்திகளை அடுத்த மடலில் விரிவாக எழுதுகிறேன். நீ கேட்டிருந்த கேள்வி பணச் செலவும் பாதுகாப்பும் சேர்ந்தது என்பதால் அதற்கே இந்தக் கடிதத்தை ஒதுக்குகிறேன்.

உன் க்ளொக் பிஸ்டலில் இப்போது இருக்கும் ட்ரிகரை (சுடும்போது விரல் அழுத்தும் விசையை) எடுத்துவிட்டு, வெளியார் செய்து விற்கும் முழுத் தொகுதி ஒன்றைப் பூட்டலாமா, பூட்டினால் அது முன்னேற்றமா இல்லையா என்று எப்படி அறிவது என்று கேட்டிருந்தாய். வாழைச்சேனை கடதாசி ஆலையின் பராமரிப்புப் பட்டறையில் நாம் இருவரும் ஒரே மேசையில் நின்று கற்ற தொழிலை வைத்துப் பதில் சொல்லும்படியும் எழுதியிருந்தாய். துப்பாக்கி என்றதும் மனம் இறுகிவிடும் மக்கள் நடுவிலிருந்துதான் நான் எழுதுகிறேன் என்பது உனக்குத் தெரியும். நான் மெல்பேர்ணுக்கு வந்திருந்தபோது நீ என்னைச் சுடுதளத்துக்கு அழைத்துச் சென்று, அலுவலரின் கட்டளையின்றி ஒருவரும் உறையிலிருந்து ஆயுதத்தை எடுக்காத அந்த ஒழுங்கைக் காட்டியிராவிட்டால், இதைப் பற்றி எழுத எனக்கு மனம் வந்திராது. ஆகவே, சுடுபவர் வேண்டுமென்று அழுத்தினாலன்றி எந்த நிலையிலும் அது வெடிக்கக் கூடாது என்பதை முதல் அளவுகோலாக வைத்துக்கொண்டே மற்றவற்றைச் சொல்கிறேன்.

முதலில், உன் விரல் உண்மையில் என்ன வேலை செய்கிறது என்பதைப் பார்ப்போம். 1982இல் ஒஸ்திரிய இராணுவம் ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து க்ளொக்கின் அடிப்படை அமைப்பு பெரிதாக மாறவில்லை. ஸ்லைட் (பிஸ்டலின் மேலே முன்பின் நகரும் பாகம்) பின்னே சென்று திரும்பும்போது ஸ்ட்ரைக்கர் (தோட்டாவின் அடியைத் தட்டி வெடிக்க வைக்கும் பாகம்) முழுமையாக இழுபடுவதில்லை. ஒரு பகுதி மட்டுமே இழுபட்டு நிற்கிறது, மீதியை விரல் இழுக்கிறது. அதே அசைவில், ட்ரிகரோடு இணைந்த தண்டான ட்ரிகர் பார் மேலே உள்ள பாதுகாப்பு ஊசியைத் தூக்குகிறது, பின் கனெக்டர் என்ற சிறு தகட்டின் சரிவில் உராய்ந்து கீழிறங்கி ஸ்ட்ரைக்கரை விடுவிக்கிறது. சிக் பி320 போன்ற வேறு சில பிஸ்டல்களில் ஸ்ட்ரைக்கர் முன்கூட்டியே முழுமையாக இழுபட்டு நிற்பதால் விரலுக்கு வேலை குறைவு. எனவே உன் நண்பர் ஒருவரின் வேறு வகைப் பிஸ்டலில் மென்மையாக இருக்கும் ட்ரிகரைப் போலவே உன்னுடையதும் ஆக வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. இரண்டின் பொறிமுறையும் வேறு.

இந்த வேலைகளில் எதைக் குறைத்தாலும் இழுப்பு, அதாவது ட்ரிகரை இழுக்க வேண்டிய விசை, இலேசாகும், ஆனால் ஒவ்வொன்றுக்கும் கொடுக்க வேண்டிய விலை வேறு. கனெக்டரின் சரிவை மாற்றுவது மிக மலிவானதும் ஆபத்துக் குறைந்ததுமான வழி. க்ளொக் நிறுவனமே ‘மைனஸ்’ என்று குறியிட்ட கனெக்டரைச் செய்கிறது. வழமையான ஏறக்குறைய 2.5 கிலோ இழுப்பை அது 2 கிலோ அளவுக்குக் கொண்டுவரும். ட்ரிகர் ஸ்பிரிங்கைப் பொறுத்தவரை, முன்னைய தலைமுறைப் பிஸ்டல்களில் நாம் எதிர்பார்ப்பதற்கு நேர்மாறாக நடக்கும். அந்த ஸ்பிரிங் விரலுக்கு எதிராக அல்ல, விரலுக்குத் துணையாக இழுக்கிறது. ஆகவே வலிமையான ஸ்பிரிங்கைப் போட்டால்தான் இழுப்புக் குறையும். விற்பவர் இதை விளக்காவிட்டால் வாங்குபவர் குழம்புவார்.

ஸ்ட்ரைக்கர் ஸ்பிரிங்கில்தான் எனக்கு அச்சம். இலேசானதைப் போட்டால் இழுப்புக் குறையும் என்பது உண்மை. பிரைமரில் (தோட்டாவின் அடியில், அடிபட்டுத் தீமூட்டும் பாகத்தில்) விழும் அடியும் அதே அளவில் குறையும் என்பதும் உண்மை. மென்மையான பிரைமர் உள்ள தோட்டா வெடிக்கும், கடினமான பிரைமர் உள்ளது வெடிக்காமல் நிற்கும். போட்டியின் நடுவே ஒரு தோட்டா வெடிக்காமல் போனால் ஸ்லைடை இழுத்து அதை வெளியே தள்ளி மீண்டும் குறிபார்க்க ஆகும் நேரத்தை, இலேசான ட்ரிகர் ஒரு பருவம் முழுவதும் மிச்சப்படுத்தித் தராது. நீ குறிப்பிட்ட தொகுதியில் இந்த ஸ்பிரிங்கும் சேர்ந்து வருகிறது. அதைப் பெட்டியிலேயே விட்டுவிட்டுத் தொழிற்சாலை ஸ்பிரிங்கையே வைத்துக்கொள் என்பது என் உறுதியான கருத்து.

அடுத்தது, விளம்பரங்கள் அதிகம் புகழும் தட்டையான அலுமினிய ட்ரிகர். அது இழுப்பைக் குறைப்பதாக உணரப்படுவதற்குப் பெரும்பாலும் நெம்புகோல் தத்துவமே காரணம். ட்ரிகர் சுழலும் அச்சிலிருந்து 20 மில்லிமீற்றர் கீழே விரலை வைத்தால் 2.4 கிலோ வேண்டிய இடத்தில், 24 மில்லிமீற்றர் கீழே வைத்தால் 2 கிலோ போதும். வளைந்த ட்ரிகர் விரலை நடுவே பிடித்து வைக்கிறது. தட்டையானது விரல் கீழே இறங்க இடங்கொடுக்கிறது. பொறிமுறையில் எதுவும் மாறாமலே இலேசானதாகத் தோன்றும். இது ஏமாற்றில்லை, உண்மையான நன்மையே. ஆனால் விரல் நீளமானவருக்கும் குட்டையானவருக்கும் அது ஒரேபோல் அமையாது. ஆகவே அதை வாங்குமுன் உன் கழகத்தில் எவருடைய பிஸ்டலிலாவது பூட்டியிருந்தால், தோட்டா இல்லாத நிலையில் பிடித்துப் பார்க்க அனுமதி கேள்.

இதே காரணத்தால் உன் அளவீட்டுத் தாளையும் நான் முழுமையாக நம்பவில்லை. அளவுமானியின் கொக்கியை ஒவ்வொரு முறையும் ட்ரிகரின் எந்த இடத்தில் மாட்டினாய் என்று நீ குறிக்கவில்லை. கொக்கி நழுவிக் கீழே போனால் எண் குறையும். ட்ரிகரில் ஒரு மெல்லிய நாடாத் துண்டை ஒட்டி அந்த இடத்திலேயே மாட்டு. குழலுக்குச் சமாந்தரமாக, மெதுவாக, நின்று நின்று இழுக்காமல் ஒரே ஓட்டமாக இழு. பத்து அளவீடுகளையும் எழுது, பிடிக்காத எண்ணை நீக்காதே. உன் தாளில் சராசரி 2.5 கிலோ என்று அடிக்கோடிட்டிருந்தாய். என் கண் நின்றது வேறிடத்தில்: மிகக் குறைந்தது 2.1, மிகக் கூடியது 2.8. 700 கிராம் இடைவெளி! இழுப்பு 2.5 கிலோவாக இருப்பது உன் சுடுதலைக் கெடுக்காது. எப்போது விடுபடும் என்று விரலுக்குத் தெரியாமல் இருப்பதுதான் கெடுக்கும். நல்ல ட்ரிகர் என்பது நல்ல தவில்காரரின் கைபோல, ஒவ்வொரு அடியும் விழவேண்டிய இடத்திலேயே விழ வேண்டும். இலேசாக, ஆனால் 500 கிராம் அங்குமிங்கும் அலையும் ட்ரிகரைவிட, சற்றுக் கனமாக, 100 கிராமுக்குள் நிலையாக நிற்கும் ட்ரிகரை நான் தேர்ந்தெடுப்பேன். அளக்கும் முறையைத் திருத்திய பின்னும் அந்த இடைவெளி இருந்தால், பிஸ்டலைக் கழற்றிச் சுத்தம் செய்து, உராயும் இடங்களில் மட்டும் எண்ணெய் துளி இட்டு மறுபடி அள. தோட்டா இல்லாத பயிற்சியை நாள்தோறும் செய்துவந்தால் உராயும் பரப்புகள் தாமாகவே படிந்துவிடும். அரத்தாலோ உப்புத்தாளாலோ தேய்க்க வேண்டாம். அந்தப் பாகங்களின் மேற்பரப்புப் பூச்சும் கடினமும் மிக மெல்லிய அடுக்கு என்பதை உனக்குச் சொல்லத் தேவையில்லை.

இனி, எனக்கு நித்திரை வராமல் செய்த விடயத்துக்கு வருகிறேன். அந்தத் தொகுதியில், விடுபடுமுன் ட்ரிகர் நகரும் முன்னசைவைக் குறைக்கும் திருகாணி ஒன்றும், விடுபட்ட பின் உள்ள மீதி அசைவைக் குறைக்கும் திருகாணி ஒன்றும் இருப்பதாக எழுதியிருந்தாய். முன்னசைவு வீணான அசைவு என்று நினைத்துவிடாதே. க்ளொக்கில் உள்ள மூன்று பாதுகாப்புகளும் அந்த அசைவினுள்ளேதான் ஒவ்வொன்றாக விலகுகின்றன. திருகாணியை அளவுக்கு மிஞ்சி முடுக்கினால் ட்ரிகரின் நடுவே உள்ள சிறு தடுப்பு முழுமையாகப் பூட்டாது, ட்ரிகர் பார் ஸ்ட்ரைக்கரைப் பிடித்திருக்கும் பரப்பும் குறையும். கீழே விழுந்தால் வெடிக்கக் கூடிய நிலைக்கு அது பிஸ்டலைக் கொண்டுசெல்லும். இது கற்பனைப் பயமில்லை. பி320 சில கோணங்களில் கீழே விழுந்தபோது வெடித்ததை 2017இல் பலர் சோதனையில் காட்டினார்கள். அதன் பின் சிக் நிறுவனம் அறிவித்த மாற்றத் திட்டத்தில் முக்கியமானது இலேசான ட்ரிகர் பாகம். விழும் அதிர்ச்சியில் கனமான ட்ரிகர் தன் சடத்துவத்தாலேயே பின்னோக்கி அசைந்துவிடுகிறது என்பதுதான் காரணம். ட்ரிகரின் சொந்த நிறைகூட அவ்வளவு பெரிய விளைவைத் தருமென்றால், தடுப்பைத் திருகாணியால் பாதியாக்குவது எவ்வளவு பெரிய காரியம் என்று எண்ணிப்பார். மீதி அசைவைக் குறைக்கும் திருகாணியும் அப்படியே: வீட்டில் சுத்தமாக இருக்கும்போது சரியாக வேலை செய்யும், கரி படிந்ததும் ஸ்ட்ரைக்கரை விடுவிக்காமல் நின்றுவிடும். திருகாணியே இல்லாத தொகுதியை வாங்கு. அப்படியொன்று கிடைக்காவிட்டால் வாங்காமல் விடு.

விதிகளையும் கவனிக்க வேண்டும். அவுஸ்திரேலியச் சட்டத்தின்படி 120 மில்லிமீற்றருக்குக் குறையாத குழல் வேண்டும் என்பதால், 114 மில்லிமீற்றர் குழலுள்ள வழமையான க்ளொக் 17ஐ விட்டு 17ஏ மாதிரியை வாங்கிய நீ, போட்டி விதிகளிலும் அதே கவனத்தைக் காட்ட வேண்டும். ஐபிஎஸ்சி (ஓடியும் திரும்பியும் சுடும் உன் வகைப் போட்டிகளுக்கான சர்வதேச அமைப்பு) வகுத்த புரொடக்‌ஷன் பிரிவில் முதற் சுட்டுக்கு 2.27 கிலோ, அல்லது எல்லாச் சுட்டுக்கும் 1.36 கிலோ என்பது குறைந்தபட்ச இழுப்பு. ஸ்டாண்டர்ட் பிரிவில் அந்த எல்லை இல்லை. புரொடக்‌ஷன் பிரிவு, துப்பாக்கி தொழிற்சாலையிலிருந்து வந்த நிலையைப் பேண விரும்பும் பிரிவு என்பதால், வெளியாரின் பாகம் எதற்கு அனுமதி உண்டு என்பதை நடப்பு விதிநூலில் பார்த்து, போட்டி அலுவலரிடமும் கேட்டு உறுதிசெய்த பின்பே பணத்தைக் கொடு. எல்லையைத் தொட்டுக்கொண்டு நிற்கவும் கூடாது. பாகங்கள் படியப் படிய இழுப்புக் குறையும், இன்று 1.4 காட்டுவது சில மாதங்களில் தோற்றுப்போகலாம். பாகங்களை வெளிநாட்டிலிருந்து தபாலில் வரவழைக்கவும் நினையாதே. இறக்குமதி அனுமதி வேண்டும். உரிமம் பெற்ற விற்பனையாளர் மூலம் எடுப்பதே நேர்வழி.

காற்றழுத்தப் பிஸ்டலுக்கு ஒலிம்பிக் வகைப் போட்டியில் 500 கிராமே போதுமானதாயிருக்க உனக்கு மட்டும் ஏன் இவ்வளவு என்று கேட்டிருந்தாய். அவர்கள் ஒரே இடத்தில் நின்று, தாளிலுள்ள ஒரு புள்ளியைப் பார்த்து, மூச்சடக்கிச் சுடுகிறார்கள். நீயோ ஓடி, திரும்பி, தோட்டாக்கூட்டை மாற்றிச் சுடுகிறாய். இரண்டுக்கும் ஒரே ட்ரிகர் பொருந்தாது.

இவ்வளவுக்குப் பிறகும் மாற்ற வேண்டுமா என்பதைப் புள்ளிகளே முடிவுசெய்யட்டும். பன்னிரண்டு சுட்டுகள் உள்ள ஒரு கட்டத்தில் எல்லாம் இலக்கில் அதிகப் புள்ளி தரும் ‘ஏ’ பகுதியில் விழுந்தால் 60 புள்ளி; அதை நீ 10 விநாடியில் முடித்தால் ஹிட் ஃபெக்டர் (புள்ளியை நேரத்தால் வகுத்த எண்) 6. புதிய ட்ரிகர் ஒவ்வொரு இரட்டைச் சுட்டிலும் 0.02 விநாடியை மிச்சப்படுத்துகிறது என்று வைத்துக்கொள்வோம்: ஆறு இரட்டைச் சுட்டுகளுக்கு 0.12 விநாடி, ஹிட் ஃபெக்டர் ஏறத்தாழ 6.07. ஆனால் வலுக் குறைந்த தோட்டாவுக்கான மைனர் வகையில் ஒரே ஒரு சுட்டு ‘ஏ’யிலிருந்து ‘சி’க்கு நழுவினால் இரண்டு புள்ளி போய்விடும், 58ஐ 10ஆல் வகுத்தால் 5.8. வேகத்தில் வந்த இலாபத்தைவிட அந்த ஒரு நழுவல் ஏறத்தாழ மூன்று மடங்கு பெரியது. ஆகவே சுடும் நேரத்தை அளக்கும் மணிக்கருவி காட்டும் வேகத்தை மட்டும் பார்த்து மகிழாதே. துளை எங்கே விழுந்தது என்பதையும் அதே தாளில் எழுது.

ஒப்பிடும்போது முதலில் பழையது, பிறகு புதியது என்று ஒரே நாளில் சுட்டு முடிவெடுக்காதே; கை சூடேறியதன் பயனைப் புதிய பாகத்தின் பயனென்று எண்ணிவிடுவாய். பழையது, புதியது, மறுபடி புதியது, மறுபடி பழையது என்ற வரிசையில், அதே தோட்டாவால், அதே தூரத்தில் சுடு. வலக்கையால் மட்டும், இடக்கையால் மட்டும் 25 மீற்றரில் சுடுவதையும் சேர்த்துக்கொள். ட்ரிகரின் குறை அங்குதான் மறைக்க முடியாமல் தெரியும். புதிய பாகத்தைப் பூட்டியதும் தோட்டா இல்லாமல் மூன்று பாதுகாப்புகளையும் தகுதியுள்ள துப்பாக்கித் தொழிலாளி ஒருவர் சோதிக்க வேண்டும். பிறகு சுடுதளத்தில் முதலில் ஒரேயொரு தோட்டா, அடுத்து இரண்டு. ஒரே அழுத்தத்தில் இரண்டும் வெடிக்கவில்லை என்று உறுதியான பின்பே கூட்டை நிரப்பு. கடினமான பிரைமர் உள்ள தோட்டாவில் 200 தடையின்றிச் சுடும்வரை அதைப் போட்டிக்குக் கொண்டுபோகாதே.

நான் உன் இடத்தில் இருந்தால், நிறுவனத்தின் மைனஸ் கனெக்டரை மட்டும் வாங்கிப் பூட்டி, அது என் பிரிவில் செல்லுமென்று உறுதிசெய்து, மீதிப் பணத்துக்குத் தோட்டா வாங்குவேன். இரண்டு மாதம் அதோடு சுட்டுப் பார்த்த பிறகும் தட்டையான ட்ரிகர் வேண்டுமென்று உன் விரல் சொன்னால், அப்போது அதை மட்டும் தனியாக வாங்கு. ஒரே நேரத்தில் ஐந்து பாகங்களை மாற்றினால் எது நன்மை செய்தது, எது கெடுத்தது என்று எவராலும் சொல்ல முடியாது. ஆலையில் பம்பு பழுதுபார்க்கும்போது நம் தலைமைப் பொறியாளர் எவ்வளவு வற்புறுத்திய விதி அது!

நாடா ஒட்டி எடுத்த பத்து அளவீடுகளையும், கனெக்டர் மாற்றிய பின் எடுக்கும் பத்தையும் எனக்கு அனுப்பு. கொக்கி மாட்டிய இடத்தை அச்சிலிருந்து மில்லிமீற்றரில் குறித்து எழுத மறவாதே. உன் பிஸ்டல் எந்தத் தலைமுறை என்பதையும் எழுது, ட்ரிகர் ஸ்பிரிங் பற்றி அதன் பின் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் பட்டறைத் தோழன்.