ட்ராக்க நிறுத்துங்க, பிள்ளைங்கள பாட விடுங்க: எங்க பள்ளி நிர்வாகத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய தாளாளர் ஐயாவுக்கும் தலைமையாசிரியர் மேடத்துக்கும் வணக்கம்.

ஆண்டு விழா அன்னைக்கு மேடையில என்ன நடந்துச்சுன்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல, முன் வரிசையில நீங்கதான் உக்காந்திருந்தீங்க. ஜூன்ல இருந்து கொயர்ல, அதாவது பள்ளிப் பாட்டுக் குழுவுல இருக்குற பிள்ளைங்க பழகின நாலு நாட்டுப்புறப் பாட்டையும் கடைசி நேரத்துல தூக்கிட்டு, ஏதோ ஒரு சினிமாப் பாட்டு ட்ராக்க ஓடவிட்டு அதுக்கு வாயசைக்கச் சொன்னீங்க. கேட்டா, லைவ்ல சுருதி விலகிட்டா சீஃப் கெஸ்ட் முன்னாடி பள்ளிக்கு அசிங்கம்னு பதில் வருது. நாங்க கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், பிள்ளைங்கள சொந்தக் குரல்ல பாட விடுங்க.

அந்தப் பாட்டெல்லாம் எந்தப் புக்குல இருந்தும் வரல. உங்க வீட்ல யாராச்சும் பாடுவாங்களா, கேட்டுட்டு வாங்கன்னு பாட்டு மிஸ் பிள்ளைங்களையே அனுப்பினாங்க. கோத்தகிரி பக்கம் ஹட்டியில, அதாவது படுகர் ஊர்ல இருந்து வர்ற பையன் கல்யாணத்துல ஆடிப் பாடுற படுகப் பாட்டோட வந்தான், இருளர் வீட்டுப் பொண்ணு குழலுக்கும் பறைக்கும் ஆடுற பாட்டோட வந்துச்சு, ஜார்க்கண்ட்ல இருந்து இங்க தேயிலை பறிக்க வந்த குடும்பத்துப் பையன் சாத்ரி மொழியில ஒண்ணு கொண்டு வந்தான். ஒருத்தர் பாஷைய இன்னொருத்தர் கத்துக்கிட்டு, தப்பா சொன்னா வகுப்பே கூடித் திருத்தி, என் பிள்ள வீட்ல பாத்திரம் கழுவும்போதுகூட சாத்ரி பாட்ட முணுமுணுக்கும்.

நாலாவது பாட்டப் பத்தி கண்டிப்பா சொல்லணும். கோப்பித் தோட்டத்துல ஒரு பழம் தவறிப்போனதுக்கு தோட்டத்து உதவி மேனேஜரான சின்னதுரை எட்டி உதைச்சான்னு வர்ற சிலோன் தோட்டத்துப் பாட்டு, ஏழாவது படிக்கிற பொண்ணு அவங்க அப்பாயிகிட்ட கத்துக்கிட்டது. சிலோன்ல 1869ல வந்த இலைநோய்தான் கோப்பிய அழிச்சுச்சு, தேயிலை பெருகினது அதுக்கப்புறம். கோப்பியே போயும் பாட்டு தோட்டத் தொழிலாளிங்க குடியிருந்த லயத்து வீடுகளுக்குள்ள வாய் வாயா இருந்திருக்கு, 1964ல இந்தியாவும் சிலோனும் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தம் போட்டு தோட்டத்து ஜனங்கள இங்க அனுப்பினப்போ அவங்களோடயே கப்பலேறி ராமேஸ்வரம் வந்து, தமிழ்நாடு அரசோட டேன்டீ தேயிலைத் தோட்டம் வரைக்கும் மலையேறி வந்திருக்கு. பேத்தி அதப் பாடுறத கேக்கணும்னு அந்தப் பாட்டி முட்டி வலியோட ரெண்டு பஸ் மாறி வந்து கடைசி வரிசையில, என் பக்கத்து சேர்ல உக்காந்திருந்தாங்க. மேடையில பேத்தியோட உதடு அசையுது, ஸ்பீக்கர்ல வேற யாரோ பாடுறாங்க. "நம்ம பாட்டு எப்ப வரும்மா?"ன்னு கேட்டாங்க, நன்றியுரை ஆரம்பிச்ச பிறகும் கேட்டாங்க. எனக்குப் பேச்சே வரல. அந்தக் கேள்விக்கு நீங்கதான் பதில் சொல்லணும்.

அதோட விட்டீங்களா, அடுத்த வாரமே ஒரு சர்க்குலர், வெள்ளிக்கிழமை கடைசி ரெண்டு பீரியட் இனிமே நீட் ஃபவுண்டேஷன் கிளாஸாம், அதுவும் ஆறாம் வகுப்புல இருந்தே. பிள்ளைங்க டாக்டர் ஆகட்டும், யார் வேணாம்னா, ஆனா வாரத்துல ரெண்டு பீரியட் பாடினா டாக்டர் சீட்டு கைவிட்டுப் போயிடுமா? இந்த நீலகிரி மலைக்கு யாராவது பெரிய மனுஷங்க வந்தா தோடர் சால்வைய போர்த்துறோம், படுக ஆட்டம் ஆடச் சொல்லி போட்டோ எடுத்துக்கிறோம். இங்க வாழுற பழங்குடிகளான தோடர் பேச்சையும் கோத்தர் பேச்சையும் அழியப்போற மொழிகள் பட்டியல்ல யுனெஸ்கோ எப்பவோ சேத்துடுச்சு. மலையோட பெருமை வரவேற்புக்கு வேணும், டைம்டேபிள்ல அதுக்கு இடம் இல்லைன்னா என்ன நியாயம்?

சரி, கேக்க வந்தத கேட்டுடறேன். வெள்ளிக்கிழமை பீரியட்ட தயவுசெஞ்சு கொயருக்கே திருப்பிக் குடுங்க, ஃபவுண்டேஷன் கிளாஸ சனிக்கிழமைக்கு மாத்துங்க, பிள்ளைங்கள கொண்டு வந்து விட்டுக் கூட்டிட்டுப் போறத பெத்தவங்க நாங்க பாத்துக்கறோம். குடியரசு தின விழாவுல அந்த நாலு பாட்டும் வரட்டும், நாலுக்கும் சேத்து கால் மணி நேரம்கூட ஆகாது. ட்ராக் வேணாம், சொந்தக் குரல்ல பாடட்டும், சுருதி கொஞ்சம் விலகினா விலகட்டும், பிள்ளைங்கதானே. பள்ளி சார்புல அந்தப் பாட்டிக்கு ஒரு அழைப்பு அனுப்பி முன் வரிசையில உக்கார வைக்கணும்னும் தாழ்மையா கேட்டுக்கறேன்.

அடுத்த பெற்றோர் கூட்டத்துக்கு முன்னாடி எழுத்துல பதில் குடுத்தீங்கன்னா நல்லாருக்கும்.

இப்படிக்கு,
கொயர்ல பாடுற ஒரு பிள்ளையோட அம்மா